பின்சீட்டில் இனியா இருந்தாள்

1

போன சனிக்கிழமை காலை எங்கள் குடியிருப்புக்குக் கீழே நின்ற ஒரு காரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சந்தை கூடுகிற இடத்தில் யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். நகராட்சியின் இழுவை வண்டி வந்தது. கையுறை போட்ட ஓர் ஆள் இறங்கி, காரை நான்கு பக்கமும் படம் எடுத்தார். சக்கரங்களுக்குப் பட்டை மாட்டினார். கார் மெல்ல மேலே ஏறியது. அதற்குள் சொந்தக்காரர் கக்கத்தில் ரொட்டியோடு ஓடிவந்தார். இரண்டு பேரும் 'மெஸ்யே, மெஸ்யே' என்று, நம் ஊர் 'ஐயா' போல, மரியாதை குறையாமல் பேசிக்கொண்டார்கள். கடைசியில் சொந்தக்காரர் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடிக்கவில்லை.

பால்கனியில் எனக்குப் பக்கத்தில் என் மகள் இனியா நின்றிருந்தாள். கார் மேலே ஏறும்போது அவளைத் திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக் குனிந்து, அந்தக் காரின் பின் கண்ணாடிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தாள்.

நான் சுரக்குடியில் பிறந்தவள். காரைக்கால் டவுனில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாக்கப்பட்டு, கல்யாணமான மறுவருஷமே இங்கே வந்துவிட்டேன். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை. எல்லாம் இரண்டு வயசுப் பிள்ளைகள். பேச்சு முழுசாக வந்திருக்காது. வராத பேச்சுக்குப் பதிலாகக் கடிப்பார்கள், கிள்ளுவார்கள், மரப் பொம்மையால் பக்கத்துப் பிள்ளையின் மண்டையில் போடுவார்கள். 'அடிக்கக் கூடாது, கடிக்கக் கூடாது' என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு.

ஊரிலிருந்து போன் பண்ணுகிறவர்கள் போன ஆகஸ்ட் மாத விஷயத்தை ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள். "அதான் வண்டி திரும்பி வந்துடுச்சுல்ல, அப்பறம் என்னா?" வண்டி வந்தது உண்மைதான். எப்படி வந்தது என்று முழுசாக யாருக்கும் நான் சொல்லவில்லை. அவர்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஆளுக்கொரு துண்டு.

2

என் தம்பி செல்வம் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்தில் இருக்கிறான். வாடகைக் கார் ஓட்டுகிறான். திருநள்ளாறு கோயிலுக்கு வருகிறவர்களை மாயவரம் ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவந்து, தரிசனம் முடித்து, திரும்பக் கொண்டுபோய் விடுவான். கார் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கடன் போட்டு வாங்கியது. மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்த காலத்தில் தவணை விட்டுப்போயிருந்தது. எங்களிடம் சொல்லவில்லை. கேட்டால் கொடுத்திருப்போம் என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை.

அன்று என்னையும் இனியாவையும் மாயவரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போனான். இனியாவுக்கு அப்போது பதினேழு வயசு. சுடிதாருக்குத் துப்பட்டா வேண்டாம் என்று அவளும், போட்டே ஆக வேண்டும் என்று நானும் காலையிலேயே சண்டை. அந்தக் கோபத்தில் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து, காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள்.

பூவத்தில், சாராயக் கடைகளைத் தாண்டி, பாலத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை. "பாப்பா தூங்குது, ஏ.சி. ஓடட்டும்க்கா" என்று சொல்லி, வண்டியை அணைக்காமல் சாவியை அதிலேயே விட்டுவிட்டு செல்வம் இறங்கினான்.

டீ கைக்கு வந்த நேரம், இரண்டு பைக்குகளில் நாலு பேர் வந்தார்கள். ஒருவன் நேராக வந்து செல்வத்தின் தோளில் கைபோட்டான்.

"அண்ணே, எத்தன தடவ போன் பண்றது? எடுக்க மாட்டீங்களாண்ணே?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அவன் கேட்டு முடிப்பதற்குள் இன்னொருவன் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டான்.

செல்வம் டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். "டேய், உள்ள புள்ள இருக்குடா! புள்ள இருக்குடா!" வண்டிக் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே ஏறினவன் காதில் அது விழவில்லை. வெளியே இருந்தவர்களுக்கு விழுந்தது. தவணைக்காக வண்டியைத் தூக்கும்போது எல்லாரும் சொல்கிற சாக்கு என்று நினைத்திருப்பார்கள். செல்வம் கதவை இழுத்துப் பிடித்தான். உள்ளேயிருந்தவன் ஓங்கிச் சாத்தினான். செல்வத்தின் வலது கை நடுவில் இருந்தது. விரல்கள் ஒடிகிற சத்தம் கடை வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

அவன் கையை உருவிக்கொண்டு குனிந்தபோது, தோளில் கைபோட்டவன் ஹெல்மெட்டைக் கழற்றி அவன் இடது காதில் அடித்தான். மறுபடி அதே இடத்தில் அடித்தான். நான் கையிலிருந்த டீயை அவன் முகத்தில் வீசினேன். கொதிக்கிற டீ. அவன் கத்திக்கொண்டே என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். ரோட்டில் விழுந்தேன். முழங்கை கிழிந்தது அப்போது தெரியவில்லை. விழுந்து கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன். கார் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. என் மகள் அதற்குள் இருந்தாள்.

3

உள்ளே நடந்தது இனியா பிறகு சொன்னது.

வண்டி நகர்ந்ததும் மாமா ஓட்டுகிறார் என்று கண்ணைத் திறக்காமலே கிடந்திருக்கிறாள். பாலத்தின் இணைப்பில் தடதடவென்று ஆடியபோதுதான் விழித்தாள். முன்னால் தெரிந்த பிடரி மாமாவுடையது இல்லை. கத்தினாள். ஓட்டியவன் "ஐயோ" என்றானாம். அந்த இடத்தில் அவன் நிறுத்தியிருந்தால் இதை எழுதவே தேவையில்லை. நிறுத்தினால் துரத்தி வருகிறவர்கள் பிடித்துவிடுவார்கள் என்று அழுத்தி மிதித்தான். இனியா அவன் தலைமுடியைப் பிடித்தாள். அவன் முழங்கையைப் பின்னால் வீசினான். அது அவள் மூக்கில் பட்டது.

"கத்தாத, கத்தாத, எறக்கி வுட்டுர்றேன்" என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் காதில் அது ஒரு சத்தமாகத்தான் விழுந்தது. பயம் வந்தால் அவளுக்குத் தமிழ் புரியாது.

துப்பட்டாவை எடுத்து, அவன் தலைக்கு மேலே போட்டு, கழுத்தில் சுற்றி, இரண்டு காலையும் முன்சீட்டின் முதுகில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். முழு உடம்பாலும் இழுத்தாள். அவன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்தான். கார் ரோட்டை விட்டிறங்கி வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தி நின்றது.

அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடுகிற நண்டலாற்றைத் தாண்டிவிட்டால் அது தமிழ்நாடு. ரோட்டில் போனவர்கள், வயலில் நின்றவர்கள், சாராயத்துக்கு இந்தப் பக்கம் வந்து திரும்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் ஓடிவந்தார்கள். மூக்கில் ரத்தம் வழிய, தமிழ் பேசாத ஒரு பெண். காரில் ஓர் ஆண். "புள்ள புடிக்கிறவன்டா" என்று யாரோ ஒருவர்தான் சொல்லியிருக்கிறார். அது போதுமாயிருந்தது. மயங்கிக் கிடந்தவனை வெளியே இழுத்துப் போட்டு அடிக்க ஆரம்பித்தார்கள். வேலிக் கம்பு, செருப்பு, ஒருவர் கையில் மண்வெட்டிக் காம்பு.

டீக்கடைக்காரர் என்னைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது கூட்டம் வட்டமாக நின்றது. பிளந்துகொண்டு உள்ளே போனேன். தரையில் இனியா முட்டி போட்டு, கைகளை ஊன்றி, அந்த ஆளின் மேல் கவிழ்ந்திருந்தாள். விழுகிற உதையில் பாதி அவள் முதுகில் விழுந்தது. "அடிக்காதே! அடிக்காதே!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அத்தனை பேரையும் ஒருமையில்தான் சொன்னாள். அவளுக்கு வந்தது அவ்வளவுதான்.

அவள் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி அவன் சட்டையில் விழுந்துகொண்டிருந்தது. நான் ரத்தத்தைப் பார்த்தேன். பிறகு அவனைப் பார்த்தேன்.

"ஆத்தாக்காரி வந்துட்டா, வழி வுடுங்க" என்றார்கள். வழி விட்டார்கள். நான் அவன் விலாவில் உதைத்தேன். ஒரு உதையோடு நிற்கவில்லை. இனியா என் காலைக் கட்டிப்பிடித்து என்னைக் கீழே தள்ளினாள். அந்த வாய்க்கால் கரைச் சேற்றில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்தபடி கிடந்தோம். "நீயுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். திங்கட்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது சில நாள் அந்தக் கேள்வி நினைவுக்கு வரும்.  

4

ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி போலீஸ், அந்தப் பக்கம் தமிழ்நாடு போலீஸ். "அடிதடி எங்க லிமிட்டும்மா. பொண்ணு விஷயம் பாலம் தாண்டித்தான், அவங்ககிட்ட போங்க" என்றார்கள் இங்கே. "வண்டி அங்கதான தூக்குனானுவ? அங்க எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றார்கள் அங்கே. செல்வத்தின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காதுக்குள் சவ்வு கிழிந்திருந்தது. நான் ஆற்றைத் தாண்டித் தாண்டித் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த இடைவெளியில் கம்பெனி ஆட்கள் கிரேன் கொண்டுவந்து வாய்க்காலிலிருந்து காரை எடுத்து எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

கடைசியில் அந்தப் பக்கத்து இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்களை உட்காரச் சொன்னார். நடுத்தர வயசு, நிதானமான ஆள். ஒரு பெண் போலீஸ் இனியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. அவன் என்னா பண்ணுனான்?"

"அவன் என்னை எடுத்தான்" என்றாள் இனியா.

பெண் போலீசின் முகம் மாறியது. "எடுத்தான்னா? எங்க தொட்டான்? பயப்படாம சொல்லு."

 இனியா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "தொடல. கார் எடுத்தான். நான் உள்ளே."



"சரி, நீ என்னா பண்ணுன?"

"நான் அவனைக் கொன்னேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவன் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வைத்தார்.

"பிரான்சுல பொறந்த புள்ளங்க. தமிழ் சரியா வராது" என்று நான் குறுக்கே விழுந்தேன். "கழுத்தப் புடிச்சேன்னு சொல்ல வர்றா. தப்பிக்கிறதுக்குத்தான் புடிச்சிருக்கா."

"நீ அதை எழுது" என்றாள் இனியா அவரைப் பார்த்து. இன்ஸ்பெக்டரை 'நீ' என்று சொன்னதைக் கேட்டு அவர் சிரித்துவிட்டார். "சரிங்க மேடம், எழுதுறேன்" என்றார்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் இனியா பிரெஞ்சில் சொன்னாள். "நான் வார்த்தையைத் தப்பாகச் சொல்லவில்லை அம்மா. கொல்லத்தான் இழுத்தேன். அவன் சாகவில்லை, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவர்கள் அவனை அடித்தபோது, நான் தொடங்கியதை அவர்கள் முடிக்கிறார்கள் என்று தோன்றியது."

நான் ஆட்டோக்காரரிடம் தருமபுரம் போகச் சொன்னேன். 

5

இங்கே பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சுக்காரி இருக்கிறாள். பெண் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போவதால் என்ன பயன் என்று ஒருமுறை கேட்டாள். சொந்தம் தெரிய வேண்டாமா என்றேன். செல்வம் வீட்டுக் கூடத்தில் நடந்ததை நினைக்கும்போது அந்தப் பதில் எனக்கே கேலியாகப் படுகிறது.

தவணை பாக்கியை என் வீட்டுக்காரர் இங்கிருந்தே கட்டிவிட்டார். கட்டின ரசீதை போனில் வைத்துக்கொண்டு நானும் செல்வமும் கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் இளம்பிள்ளை. இஸ்திரி கலையாத சட்டை. தண்ணீர் பாட்டில் கொடுத்து உட்காரவைத்தார். பாக்கி முடிந்தது மேடம், வண்டியைத் தூக்கின கூலி, கிரேன் வாடகை, வண்டியை நிறுத்திவைத்த யார்டுக்கு வாடகை, அதுவும் கட்ட வேண்டும் என்றார். என் தம்பி விரலை ஒடித்ததற்குக் கூலி! செல்வம் இடது கையால் மேசைக் கண்ணாடியைப் புரட்டிப் போட்டான். அது உடைந்து சிதறியது. வெளியே நின்ற ஆட்கள் ஓடிவந்தார்கள்.

மேனேஜர் அசையவில்லை. அவர்களை வெளியே போகச் சொன்னார். இனியா பிரெஞ்சுக் குடிமகள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதில்தான் அவருக்குப் பயம்.

"பேசி முடிச்சுக்கலாம் மேடம். கூலி, வாடகை எதுவும் வேணாம். வண்டிய ரெடி பண்ணி வீட்டு வாசல்ல விடுறோம். பாப்பா ஒண்ணு மட்டும் எழுதிக் குடுத்தா போதும். அந்தப் பிரபு எங்க ஆள் இல்ல. வண்டி திருட வந்தவன். நாங்க அனுப்பல."

கதவைச் சாத்திய ஆளின் பெயர் பிரபு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து இனியாவிடம் சொன்னோம். அவள் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அவன் திருடன் இல்லை. போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. யாரோ அவனை அனுப்பினாங்க. அது வேலை."

"பாப்பா, ஒரு கையெழுத்துடா" என்றான் செல்வம். "மாமாவுக்கு வேற பொழப்பு இல்ல. அவன் நம்மள அடிச்சவன். அவன் உள்ள போனா உனக்கு என்னா?"

"நான் எழுத மாட்டேன்."

"ஏன்?"

"பொய்."

செல்வம் இடது கையை ஓங்கி அவள் கன்னத்தில் அறைந்தான். முழங்கை பட்டு வீங்கியிருந்த அதே பக்கம். "ஒனக்காகத்தான்டி கதவப் புடிச்சேன்! ஒனக்காகத்தான்டி ஒடிஞ்சுது!" அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து மறுபடியும் ரத்தம் வந்தது.

நான் யோசிக்கவில்லை. அவன் கட்டுப் போட்ட கையில் என் முஷ்டியால் ஓங்கி அடித்தேன். அவன் போட்ட கூச்சலில் தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் மனைவி என்னைத் தள்ளிவிட்டு அவனை அணைத்துக்கொண்டாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னைத் தலை நிமிர்ந்து பார்க்காதவள், அன்று "போங்க வெளியில" என்றாள்.

மறுநாள் காலை நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்று மண்ணை வாரி வீட்டுக்குள் வீசினாள்.

"எவ அவ? எம் புருஷன் கழுத்த நெரிச்சவ எவ? வெளிய வாடி!"

பிரபுவின் மனைவி. சுகந்தி என்று பெயர். இனியா வெளியே போய் "நான்தான்" என்றாள். சுகந்தி பிள்ளையைக் கீழே விட்டுவிட்டு அவள் முடியைக் கொத்தாகப் பிடித்தாள். நான் பிரித்துவிடப் பாய்ந்தேன். முடி அவள் கையில் இருக்கும்போதே இனியா சொன்னாள்.

"உன் புருஷன் திருடன் இல்லை. நான் அப்படி எழுத மாட்டேன்."

சுகந்தியின் கை நின்றது. "திருடனா? யாரு சொன்னா திருடன்னு?"

நான் சொன்னேன், மேனேஜர் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல். அவள் முடியை விட்டாள். திரும்பிப் பார்த்துத் தன் பிள்ளையைத் தேடினாள். மண்ணில் உட்கார்ந்திருந்த அதை இனியா தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள்.

"நேத்து ராத்திரிகூட அந்தாளுதான்க்கா போன் பண்ணுனான்" என்றாள் சுகந்தி. "ஆஸ்பத்திரிச் செலவ கம்பெனி பாத்துக்கும், வாயத் தொறக்காதன்னு. இப்ப ஆளே இல்லன்றானா?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒங்க வண்டி நிக்கிற யார்டு எனக்குத் தெரியும். வாங்க, காட்டுறேன்."

6

பிள்ளையை இனியாவிடம் விட்டுவிட்டு சுகந்தி, செல்வம், நான் மூன்று பேரும் ஆட்டோவில் போனோம். மாயவரம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லுக்குப் பின்னால் தகரம் அடைத்த இடம். இடுக்கு வழியாகப் பார்த்தேன். டிராக்டர்கள், ஆட்டோக்கள், வரிசையாக பைக்குகள். ஓரத்தில் மூக்கு நசுங்கிய எங்கள் வெள்ளைக் கார்.

காவலுக்கு இருந்தவன் வெளியே வந்தான். முகத்தில் ஒரு பக்கம் தோல் உரிந்து சிவந்திருந்தது. நான் வீசின டீ. செல்வமும் அவனை அடையாளம் கண்டுகொண்டான்.

நான் ரசீதைக் காட்டினேன். "ஆபீஸ்லேருந்து சொல்லணும்" என்றான். "ஆபீஸ்ல நாந்தான்டா சொல்றேன்" என்று சுகந்தி கீழே கிடந்த கருங்கல்லை எடுத்து கேட்டின் பூட்டில் போட்டாள். அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினான். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு அவன் வயிற்றில் முட்டினான். இரண்டு பேரும் புரண்டார்கள். ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் தாங்குவான்? அந்த ஆள் மேலே ஏறி உட்கார்ந்து செல்வத்தின் கழுத்தை அழுத்தினான்.

நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. குனிந்து முன்கையில் கடித்தேன். பல் தோலைத் தாண்டி உள்ளே போவது தெரிந்தது. வாய்க்குள் உப்பும் ரத்தமும். அவன் என் முதுகில் குத்திக்கொண்டே இருந்தான், நான் விடவில்லை. நாள் முழுக்கக் 'கடிக்கக் கூடாது' என்று சொல்லிக்கொடுக்கிற வாய்தான் அது.

சுகந்தி அதற்குள் மேனேஜருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள்.

"சார், பிரபு பொண்டாட்டி பேசுறேன். எம் புருஷன் ஒங்க ஆளு இல்லையாமே? அப்ப ராத்திரி எதுக்கு சார் போன் பண்ணுன? நான் இப்ப நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போறேன். வண்டியோட போவவா, வண்டி இல்லாம போவவா, நீயே சொல்லு."

 அந்தப் பக்கத்திலிருந்து, "முருகா, விட்டுடு. சாவியக் குடு" என்றது குரல். நான் கையை விட்டேன். அந்த ஆள் எழுந்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி மண்ணில் எறிந்தான்.

வாயை ஆட்டோக்காரர் கொடுத்த தண்ணீரால் கொப்பளித்தேன். காரின் முன்விளக்கு ஒன்று இல்லை, பின் கண்ணாடி இல்லை, எஞ்சின் மட்டும் முக்கி முனகி எடுத்தது. செல்வத்தால் ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டினேன். பிரான்சில் வலது பக்கம் ஓட்டிப் பழகிய நான் இந்த ஊரில் வண்டி ஓட்டியதே இல்லை. ரோட்டின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு பேரும் கத்தினார்கள். "இடது பக்கம்க்கா! இடது பக்கம்!" சீட்டின் முதுகு என் முதுகில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு கடையோரம் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்பக்கம், சீட்டு உறையில், உள்ளங்கால் இரண்டும் அழுந்திய பள்ளம். உள்ளேயிருந்த தகடு வளைந்திருந்தது. அங்கேயே நின்றேன். செல்வமும் இறங்கி வந்து பார்த்தான். நல்ல கையை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தான். 

போலீஸ் ஸ்டேஷனில் சுகந்தி தன் பங்குக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரி. அங்கே இனியா எங்களுக்கு முன்பே வந்திருந்தாள். பிள்ளை அழுததால் அதன் அப்பாவிடம் கூட்டிவந்தேன் என்றாள். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் பிரபு கழுத்துப் பட்டையோடு சாய்ந்திருந்தான். முகம் முழுக்க நீலம். விலாவைச் சுற்றிக் கட்டு. அதில் என் பங்கும் இருந்தது. அருகில் பார்க்கும்போது மிகவும் சின்ன வயசுக்காரனாக இருந்தான்.

"வண்டி வந்துடுச்சா?" என்றான். குரல் காற்றாகத்தான் வந்தது.

"வந்துடுச்சு" என்றேன்.

இனியா கேட்டாள். "நீ மறுபடியும் இந்த வேலைக்குப் போவியா?"

அவன் சுகந்தியைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். "இந்தக் கம்பெனி இல்லன்னா இன்னொரு கம்பெனி. வேற என்னா தெரியும்? இனிமே பின்சீட்டப் பாத்துட்டுதான் ஏறுவேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாடம் கற்றுக்கொண்ட மாதிரி சொன்னான். இனியா வெளியே போய் வராந்தாவில் வாந்தி எடுத்தாள்.

7

வழக்கு இரண்டு பக்கமும் இன்னும் நடக்கிறது. பிரபு மேலும் இருக்கிறது, கம்பெனி மேலும் இருக்கிறது. மேனேஜர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். செல்வம் இப்போது மறுபடி திருநள்ளாறு சவாரி அடிக்கிறான். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. இடது காது கேட்காது. சுகந்தி எப்போதாவது பிள்ளையின் படம் அனுப்புகிறாள். ஏன் அனுப்புகிறாள் என்று கேட்டதில்லை.

இந்த ஆகஸ்டில் இனியா வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஒரு பழக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வீட்டில் தமிழ்ப் பேச்சு குறைந்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். நான் வற்புறுத்துவதில்லை.

நாங்கள் திரும்பிவந்த நாளில் மீனம்பாக்கம் வரை செல்வமும் வந்தான். அறைந்த நாளிலிருந்து அவனும் இனியாவும் பேசிக்கொள்ளவில்லை. வழி முழுக்க அவள் ஜன்னலைப் பார்த்தே வந்தாள். உள்ளே போகிற கண்ணாடிக் கதவுக்கு முன்னால் அவன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு அவள் எதிரில் வந்து நின்றான்.

"பாப்பா, மாமாவ ஒரு அடி அடிச்சிட்டுப் போ." வலது கன்னத்தைத் தட்டிக் காட்டினான். "இந்தப் பக்கம் அடி. அந்தப் பக்கம் காது போச்சு."

அவள் அவனையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முஷ்டியாக்கி அவன் நெஞ்சில் அடித்தாள். மெதுவாக இல்லை. தொடர்ந்து அடித்தாள். அழுதுகொண்டே, மூச்சு விடாமல் பிரெஞ்சில் பேசினாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு காவலர் அருகில் வந்தார். செல்வம் அவரைக் கையமர்த்திவிட்டு, வாங்குகிற ஒவ்வொரு அடிக்கும் "ஆமாம்மா... ஆமாம்மா..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரியவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுக்குள் போய்விட்டாள். நான் பெட்டியை எடுத்தேன்.

"என்னாக்கா சொல்லுச்சு?"

அவள் நிறையச் சொல்லியிருந்தாள். இந்த ஊரை வெறுக்கிறேன் என்றாள். இனி வர மாட்டேன் என்றாள். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் சொன்னேன்.

"கார்ல முழிச்சதும் ஒன்னத்தான் கூப்புட்டாளாம். 'மாமா, மாமா'ன்னுதான் கத்துனாளாம்."

அவன் கேட்கிற காதை என் பக்கம் திருப்பினான். "இன்னொரு தடவ சொல்லு" என்றான்.